பிளாட்பாரத்தில் பெண் பார்த்தார்களா?

எங்கள் ஊர் ஸ்டேஷனில் பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு குழாய் இருந்தது. அங்கிருந்த வசதியே அந்தக் குழாயும், ஒரு சிமெண்ட் பெஞ்சும், எந்நேரமும் பூட்டிக் கிடந்த பெண்கள் கழிப்பறையும்தான். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குப் போன நான் காலை பாசஞ்சருக்கு அந்தப் பெஞ்சில்தான் காத்திருப்பேன். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "கண்ணு, அந்தக் குழாயில கொஞ்சம் தண்ணி புடிச்சுட்டு வர்றியா?" என்று பாட்டிலை நீட்டினார். பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் இருந்தது. நிரப்பிக்கொண்டு வந்தேன். போய்த் திரும்பும்வரை அவர் பார்வை என் நடையிலேயே இருந்தது.

அப்போதே எனக்குப் பொறி தட்டியது. மூலனூர்ப் பக்கம் ஒரு வரன் எங்கள் வீட்டில் பேச்சிலிருந்தது. முறைப்படி வருவதற்கு முன் பையனின் அம்மா சத்தமில்லாமல் ஒருமுறை என்னைப் பார்த்துவிடுவார் என்று அத்தை காதில் போட்டு வைத்திருந்தாள். கோயிலில் பார்ப்பார்கள், கல்யாண வீட்டில் பார்ப்பார்கள். ஸ்டேஷனிலுமா? மறுநாளும் வந்தார். சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். பையிலிருந்து நாலு முருங்கைக்காய் எடுத்துக் கொடுத்தார். முருங்கைக்குப் பேர்போன ஊர் மூலனூர். சரி, இவரேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த அம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. பையன் எப்படியோ இருக்கட்டும், மாமியாராக இவர் வந்தால் போதும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஆளையே காணோம்.

வரனும் அத்தோடு நின்றுபோனது. "அந்தம்மாகிட்ட என்னத்தப் பேசித் தொலைச்ச?" என்று என் அம்மா என்னை வறுத்தெடுத்தாள். தரகரோ, "அவிய ஸ்டேஷன் பக்கமே வரலீங்க. ஜாதகம் பொருந்தலைன்னு உட்டுட்டாங்க" என்று சத்தியம் பண்ணினார். அப்படியென்றால் அவர் யார்? என் நடை பிடிக்காமல் வேண்டாம் என்றாரா, இல்லை, யாரோ ஒரு பிரயாணியை நானாகவே மாமியாராக்கிக்கொண்டேனா? எனக்கு வேறிடத்தில் கல்யாணமாகி, பிள்ளையும் வளர்ந்துவிட்டான். இன்றுவரை விளங்கவில்லை.

போன வாரம் அந்தப் பிள்ளைக்காக அதே ஸ்டேஷனுக்குப் போனேன். மேம்பாலம், ஸ்டீல் நாற்காலிகள், ஹிந்தியிலும் அறிவிப்பு. எது எங்கே என்றே எனக்குப் பிடிபடவில்லை. அவனுக்குப் பேச்சிலிருந்த, எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணை ஒருவழியாகக் கண்டுபிடித்து, இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினேன். அடுத்த நாள் மனசு கேட்கவில்லை. இவளும் என்னைப் போலக் குழம்பிக் கிடக்க வேண்டுமா? "கண்ணு, நான் உன்னையப் பொண்ணு பார்க்கத்தான் வந்திருக்கறேன்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். "தெரியுமுங்க. முந்தாநேத்தே ஜன்னல் வழியாப் பாத்தேனுங்க. ரயில் கிளம்பியும் நீங்க ஏறாம உக்காந்தே இருந்தீங்க."

அந்தக் காலத்தில் ரயில் வந்து நின்றதும் நானும்தான் முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தேன். அந்த அம்மா ஏறினாரா, பெஞ்சிலேயே இருந்தாரா? ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்திருந்தால் போதும், தெரிந்திருக்கும்.