தொட்டி வாசலில் எழுந்த சுவர்

மண்ணரை என்ற ஊரில் ஜானகியம்மாள் வாழ்ந்த வீட்டைக் கட்டியது அவருடைய மாமனாரின் அப்பா. நெசவுக் குடும்பம் என்பதால் தறி போடத் தோதாக ஆசாரம் என்னும் நீளமான கூடம். நடுவில் வானம் பார்த்த தொட்டி வாசல். அதைச் சுற்றி நாலு பக்கமும் உள்நோக்கிச் சரியும் ஓட்டுக்கூரை. மழை பெய்தால் அத்தனை தண்ணீரும் வாசலில் விழுந்து, கிழக்கு மூலையிலுள்ள சலதாரை வழியாகத் தெருவுக்குப் போய்விடும்.

கணவர் இறந்தபின், 2004இல் வீட்டைப் பாகம் பிரித்தார்கள். கிழக்குப் பாதி கொழுந்தன் குமாரவேலுக்கு வந்தது. அவர் பனியன் தைக்கும் மெஷின்களைப் போட்டார். தூசு வரக்கூடாதென்று வாசலின் நடுவே ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினார்.

"வாசல்ல மட்டும் வேண்டாங்க தம்பி" என்று ஜானகியம்மாள் சொல்லிப் பார்த்தார்.

"கம்பெனிக்காரங்க கேக்கறாங்க அண்ணி."

அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஜானகியம்மாளின் ஆசாரம் பகலிலேயே இருண்டு கிடந்தது. அங்கே உட்கார்ந்து பனியன்களில் பிசிறு வெட்டித்தான் அவர் பிழைத்துவந்தார்.

சுவர் எழும்பிய வருஷமே ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை கொட்டியது. அவர் பக்கத்துத் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. படியேறி ஆசாரத்துக்குள் நுழைந்தது. ஜானகியம்மாள் பனியன் கட்டுகளைத் தூக்கிக் கட்டில்மேல் போட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடப்பாரையால் சுவரின் அடியைக் குத்தத் தொடங்கினார். ஒரு கல் பெயர்ந்ததும் தண்ணீர் மறுபக்கம் பாய்ந்தது.

குமாரவேல் தெருவைச் சுற்றிக்கொண்டு நனைந்தபடி ஓடிவந்தார். "என்னங்க அண்ணி பண்றீங்க?"

"சலதாரை உங்க பக்கம் இருக்குதுங்க. இந்தத் தண்ணிய நான் எங்கீங்க கொண்டு போறது?"

சுவர் கட்டும்போது அந்த நினைப்பே குமாரவேலுக்கு வந்திருக்கவில்லை. திரும்பிப் போய், சலதாரையில் அடைத்திருந்த துணித்துண்டுகளைக் கையால் வாரி எறிந்தார்.

மறுநாள் குமாரவேல், கொத்தனார் வெள்ளையனோடு வந்து நின்றார். "அடியில பைப்பு வெச்சு அடைச்சிரலாங்களா அண்ணி?"

"பைப்பு வெய்யுங்க. ஆனா செவுத்த இடுப்பளவுக்கு எறக்கீருங்க. எனக்கு வெளிச்சம் வேணுங்க."

குமாரவேல் வெள்ளையனிடம், "அண்ணி சொல்ற மாதிரியே எடுத்திருங்க" என்றார். தூசுக்காகத் தன் பக்கத்து ஆசாரத்தை மட்டும் கண்ணாடி போட்டு அடைத்துக்கொண்டார்.

பேச்சு உடனே திரும்பிவிடவில்லை. ஆனால் அடுத்த தை மாதம் குமாரவேலின் மகள் வினிதாவுக்கு அந்த வாசலில்தான் நிச்சயதார்த்தம் நடந்தது. பந்தி இரண்டு பக்கமும் ஓடியது. ஜானகியம்மாள் சாம்பார் வாளியைச் சுவருக்கு மேலாக நீட்ட, குமாரவேல் எட்டி வாங்கிக்கொண்டார்.