அடுப்படிக்கு வராத பாட்டு

ஒலிப்பதிவுக் கூடத்துக்காரர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘கடைசிக் காது’. புருஷனுக்கு மாஸ்டரிங் வேலை. பாடி, வாசித்து, கலந்து முடித்த பாட்டு வெளியே போகும் முன் அதன் சத்தத்தைச் சரிக்கட்டித் தருவது. கல்யாணமான புதிதில் ஒருநாள், பின்னறையில் முடித்த பாட்டை அடுப்படிக்குக் கொண்டுவந்து அவளுடைய ஓட்டைப் போனில் போட்டார். மேலே புகையிழுக்கும் ஃபேன் ஓடியது, அடுப்பில் குக்கர் சீறியது.

“வார்த்தை புரியுதா?”

“பாதிய முழுங்கிடுச்சு.”

அன்றிலிருந்து அவள் தலையாட்டாமல் எந்தப் பாட்டும் வாசல் தாண்டியதில்லை. தையல் மெஷின், மாமியார் வைத்தியம், பிள்ளைகள் படிப்பு என்று ஓடிய வருஷங்களில் அவளுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

இந்தப் பாட்டு மட்டும் அடுப்படிக்கு வரவில்லை. பாடியவள் புதிசு. நாலைந்து நாளாக அவர் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதே குரலைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணி, உங்க காதுக்கு அண்ணன் லீவு குடுத்துட்டாரா?” என்றாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நாத்தனார்.

“குடுத்தா நல்லதுதான், கொஞ்சம் தூங்குவேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, கண் அந்தச் சாத்திய கதவைவிட்டு நகரவில்லை. மத்தியானம் சோறு போடும்போது கேட்டேவிட்டாள்.

“அந்தப் பாட்டு எங்கேங்க?”

“அது அடுப்படியில கேக்குற பாட்டு இல்லம்மா. அடங்கி ஆரம்பிச்சு மெல்ல எழும்பும். மத்ததை மாதிரி அழுத்தி, எல்லாத்தையும் ஒரே உயரத்துக்கு ஏத்துனா செத்துப்போயிடும்.”

“எத்தனை பேர் பாட்டை நசுக்கியிருப்பீங்க! அப்பல்லாம் வராத கருணை. கொண்டாங்க, கேப்போம்.”

கொண்டுவந்தார். அவள் ஃபேனைப் போட்டாள். போதாதென்று வெறும் மிக்ஸியையும் ஓட்டினாள்.

“ஒரு எழவும் கேக்கல.”

“அதை நிறுத்தேன்!”

“உங்க பாட்டுக்காக ஊரே மிக்ஸிய நிறுத்துமா?”

அத்தனை வருஷம் நம்பிய காதாயிற்றே. அவர் எழுந்து பின்னறைக்குப் போய்ப் பாட்டை மறுபடி அழுத்த உட்கார்ந்தார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. போனை மேடையில் வைத்தார். ஃபேன் சத்தத்துக்கு மேல் வார்த்தை வார்த்தையாக வந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எல்லாம் ஒரே கத்தல். அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. அப்புறம்தான் கவனித்தாள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால், பிடரிக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி ஒரு சத்தம்.

“இது என்னங்க?”

“அந்தப் பொண்ணு மூச்சு. சின்ன சத்தத்தையெல்லாம் தூக்கிவிட்டா அதுவும்தான் ஏறி வரும். முன்னாடி போட்டதுல எங்கேயோ தள்ளி நின்னு பாடிட்டிருந்தா.”

பாட்டு ஓடியது. அந்தப் பெண் அவளுடைய அடுப்படியில், அவளுடைய கரண்டிகளுக்கு நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். இவள் போனை அணைத்தாள்.

“பழசையே அனுப்புங்க.”

“அது கேக்கலைன்னியே?”

“கேக்காட்டி போகட்டும். அவ தள்ளியே நிக்கட்டும்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.