வெயிலை அளந்த வகுப்பு

தொண்ணூறுகளின் பின்பாதியில் கேரளப் பள்ளிகளில் புதிய பாடமுறை வந்து இறங்கியது. சூத்திரத்தை முதலில் சொல்லக் கூடாது. ஒரு சிக்கலைப் பிள்ளைகள் முன் வைத்து, அவர்களாகவே வழி தேட விட வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழ்வழி வகுப்புக்குக் கணக்கு டீச்சர் நான். காரோடு கிராமத்திலிருந்து வரும் ஒருத்தி, கணக்கென்றாலே தலையைக் குனிந்துகொள்கிறவள், அந்த முறையில்தான் மெல்ல வாய் திறந்திருந்தாள். அந்த வாய் மறுபடி மூடிவிடக் கூடாது என்பதே அந்த வருஷம் என் கவலை.

மாதிரி வகுப்பைப் பார்க்கக் கல்வி அதிகாரி வருகிறார் என்றதும், ஹெட்மாஸ்டர் சிக்கலையும் விடையையும் சேர்த்தே சமைத்துவிட்டார். நிழலை வைத்துக் கொடிமரத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தினமும் காலையில் ஒத்திகை. அந்நேரம் நிழல் நெல்லிமரத்தின் அடி வரை நீளும். பிள்ளைகள் டேப்பை அதுவரை இழுப்பார்கள். பக்கத்தில் நட்ட கம்பின் நிழலையும் அளப்பார்கள். அப்புறம் மனப்பாடமாக விடை; பிள்ளைகள் பேச்சில் 'உத்தரம்'. யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளவும் பழக்கினார். வெட்கம் கெட்ட வேலை.

அதிகாரி காலையில் வரவில்லை. எங்கேயோ சாப்பிட்டுவிட்டு, உச்சி வெயிலில் ஏப்பத்தோடு வந்தார். நிழல் கொடிமரத்தின் காலடியில் சுருங்கிக் கிடந்தது. பிள்ளைகள் பழக்கியபடியே டேப்பை நெல்லிமரம் வரை இழுத்தார்கள். நிழலே இல்லாத வெறும் வெயிலை அளந்து, ஒத்திகையில் சொன்ன அதே உயரத்தை உரக்கச் சொன்னார்கள்.

அந்தக் காரோட்டுப் பெண் மட்டும் நிழல் முடிகிற இடத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிழலு இங்கதானே தீருது, சாரே. கம்புக்க நிழலும் அதுபோலச் சுருங்கியாச்சு. ரெண்டும் ஒரே வீதத்திலயாக்கும் சுருங்கும். அப்போ உத்தரம் மாறாது."

விகிதம் ஒரு பாடம், நிழல் இன்னொரு பாடம். இரண்டையும் அவளாகவே முடிச்சுப் போட்டுவிட்டாள். எனக்குப் புல்லரித்தது.

ஹெட்மாஸ்டர் சிரித்த முகத்தோடு அவள் கையிலிருந்து டேப்பைப் பிடுங்கினார்.

"பழக்கினதச் செய்தா போரும், மக்கா."

அவள் சொன்னதுதான் சரி என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விடை சரியாக வந்துவிட்டதே, இனி என்ன என்று மலையாளத்தில் கேட்டார். பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்ததாக மெச்சிக் கைதட்டினார். ஹெட்மாஸ்டரும் கூடவே தட்டினார். நான் தட்டவில்லை. இன்றைக்கும் மாதிரி வகுப்பு என்று யாராவது சொன்னால் அந்தக் கைதட்டல்தான் முதலில் காதில் விழுகிறது.

மறுநாள் வகுப்பில் புதிய சிக்கல் ஒன்றைக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்:

"எந்த உத்தரம் சொல்லணும், டீச்சர்?"