மிஸ்ஸி வண்டியில் கேட்ட சத்தம்

ஜாலான் புசார் பக்கம் மோட்டார் சைக்கிள் உதிரிபாகம் வாங்க வருகிற யாரையும் கேட்டுப் பாருங்கள், என் கடையைக் கை காட்டுவார்கள். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். படித்தவர்கள் புத்தகத்தைப் புரட்டி, படத்தைப் பார்த்து, எதுவும் பிடிபடாமல் கடைசியில் என் முன்னால் வந்துதான் நிற்பார்கள். சாலையின் அந்தப் பக்கம் ஒரு வண்டி போனால், இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே அதன் கிளட்ச் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். அவ்வளவு காது எனக்கு. சாங்கி விமான நிலையத்தில் சாமான் ஏற்றுகிற பையன்கள் அங்கிருந்து இவ்வளவு தூரம் வண்டியைக் கொண்டுவருகிறார்கள் என்றால் சும்மாவா? பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான். என் முதல் கிளட்சை நான் ஒன்பது வயதில் சரிசெய்தேன், அதுவும் ஸ்பானரைக் கையால் தொடாமல்.

அறுபதுகளின் தொடக்கம் அது. தேக்காவில், கெர்பாவ் ரோட்டுக் கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தம்பியான, இன்னும் கல்யாணம் ஆகாத என் மாமா. மாமா பஸ் கம்பெனிப் பட்டறையில் ஃபிட்டர். பேச்சு குறைவு. ஒரு நாளில் அவர் பேசுவதை எண்ணினால் என் பத்து விரலே அதிகம். ஆனால் ஒரு நட்டைத் திருகும்போது அதனிடம் ஏதோ முணுமுணுப்பார்.

மிஸ்ஸி எங்கள் வாசலுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நர்சுகளை அப்போது எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் பிரசவம் பார்க்கிற மிஸ்ஸி. தமிழ்ப் பெண்தான், வேதக்காரர். மாதா கோயில் காலைப் பூசைக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் அவருடைய மொபெட் எங்கள் வாசலில் நின்றுவிட்டது. பெடலும் இருக்கும், சிறிய இஞ்சினும் இருக்கும், அந்த மாதிரி வண்டி. மாமா காப்பிக் கோப்பையை அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று கார்பரேட்டரில் தூசி, அவ்வளவுதான். ஆனால் கிளம்பும்போது மிஸ்ஸி இன்னொன்று சொன்னார்.

"ரோட்டுல நல்லாத்தான் ஓடுது. புக்கிட் பாத்தோக் குவாரி மேட்டுல மட்டும் ஏற மாட்டேங்குது. பாதி வழியில இறங்கித் தள்ள வேண்டியிருக்கு."

இன்றைக்கு புக்கிட் பாத்தோக்கில் அடுக்குமாடியும் ரயிலும் இருக்கின்றன. அன்றைக்குக் கல் உடைக்கும் குவாரி, ரப்பர் மரங்கள், அத்தாப்பு ஓலைக் குடிசைகள். குவாரி ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் போக ஒரே ஒரு செம்மண் தடம். மழை பெய்தால் அதில் மாடே சறுக்கும்.

"அடுத்த ஞாயிறு கொண்டாங்க. பாக்கலாம்," என்றார் மாமா. அது அவருக்கு நீளமான பேச்சு.

அப்படி ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மிஸ்ஸியின் வண்டி வரும். கடைவீட்டு முகப்பு நடைபாதையான அஞ்சடியில் மாமா கோணியை விரித்து அதைப் பிரிப்பார். மிஸ்ஸி ஸ்டூலில் உட்கார்ந்து அந்த வாரம் பிறந்த குழந்தைகளைப் பற்றிச் சொல்வார். மாமா ஒரு வாரம் ஸ்பிரிங்கை மாற்றினார். ஒரு வாரம் பெல்ட்டைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார். சோதனைக்குப் பக்கத்திலிருந்த மவுண்ட் எமிலி மேட்டுக்கு ஓட்டிப் போவார். மிஸ்ஸியின் எடை வண்டியில் இருந்தால்தானே சோதனை சரி? அதை ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பது? கேட்காமல் என்னைப் பின்னால் உட்காரவைத்து, என் மடியில் இருபது காட்டி, அதாவது பன்னிரண்டு கிலோ, அரிசிச் சிப்பத்தை ஏற்றிவிடுவார். வண்டி மவுண்ட் எமிலியில் அழகாக ஏறும். அது தார் ரோடு. செம்மண்ணில் போய் மறுபடி படுத்துக்கொள்ளும். மிஸ்ஸி அடுத்த ஞாயிறும் வருவார்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. காப்பி கொடுப்பார், சிரிப்பார், மிஸ்ஸி போனதும் முகம் மாறும்.

"தம்பி, வண்டியைச் சீக்கிரம் முடிச்சுக் குடுத்துடு. வாராவாரம் வந்து உக்கார்றது நல்லா இல்ல. அவங்க வேதக்காரங்க, நாம வேற. தெருவுல நாலு பேரு பாக்குறாங்க."

"வண்டி சரியாகலக்கா."

"சரியானதும் இந்தப் பக்கம் வர வேணாம்னு நானே பக்குவமாச் சொல்லிடறேன்."

இதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அம்மாவின் கவலை அஞ்சடியில் படிகிற எண்ணெய்க் கறை என்று புரிந்துகொண்டேன். சிமெண்டுத் தரையை அம்மா தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்திருந்தேனே. தெருவில் நாலு பேர் பார்த்தால் கறை அசிங்கம்தானே.

ஒரு ஞாயிறு மிஸ்ஸி சிரிக்காமல் வந்தார். சேலைக் கரையில் கழுவியும் போகாத செம்மண். அந்த வாரம் பாதி மேட்டில் வண்டி நின்று, மழையில் தள்ளிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டதாம். தாயும் பிள்ளையும் தப்பித்தது கடவுள் செயல் என்றார். "இந்த வாரம் குவாரிக் கங்காணி மருமகளுக்கு நாள். தலைப்பிள்ளை. சின்னப் பொண்ணு, இடுப்பு ஒடுக்கம். நான் நேரத்துக்குப் போகலைன்னா என்ன ஆகும்னு எனக்கே தெரியல."

மாமா கிளட்சின் வயிற்றைத் திறந்தார்.

அந்த வண்டியின் கிளட்சை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். இஞ்சின் பக்கத்துப் புல்லியில் இரண்டு தட்டுகள், அவற்றின் நடுவே பெல்ட். தட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு எஃகுக் குண்டுகள். புல்லி வேகமாகச் சுற்றினால் குண்டுகள் வெளிப்பக்கம் ஓடித் தட்டை நெருக்கும், பெல்ட் மேலே ஏறும், வண்டி ஓட்டம் பிடிக்கும். ஓட்டம் பிடித்தால் இழுவை குறையும். மேட்டில் தேவைப்படுவது இழுவை. குண்டின் கனம் அதிகமானால் பெல்ட் அவசரப்பட்டு ஏறிவிடும், இஞ்சின் மூச்சு வாங்கி நின்றுவிடும். இதை இன்று எந்தப் பையனும் சொல்லுவான். மாமாவுக்கும் ஒருவேளை தோன்றியிருக்கும். ஆனால் அவர் கம்பெனி வேலைக்காரர். செய்தவன் பன்னிரண்டு போட்டிருந்தால் பன்னிரண்டுதான் இருக்க வேண்டும் அவருக்கு.

அந்தப் பன்னிரண்டையும் பால் டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டுவிட்டு, கை கழுவ உள்ளே போனார். மிஸ்ஸி அம்மாவோடு உள்ளே இருந்தார். டின்னுக்குள் குண்டுகள் பளபளத்தன.

எனக்கு வேறொரு அவசரம் இருந்தது. எதிர்வீட்டுச் சீனப் பையன் முந்தின நாள் என்னுடைய கோலி அத்தனையையும் ஜெயித்திருந்தான். ஜெயித்ததோடு விடாமல் பெண்பிள்ளைக்கு எதற்குக் கோலி என்று வேறு கேட்டிருந்தான். நான் டின்னுக்குள் கையை விட்டேன். நான்கு வந்தன. பாவாடையில் துடைத்துக்கொண்டு பின்சந்துக்கு ஓடினேன்.

எஃகுக் குண்டுக்கு முன்னால் கண்ணாடிக் கோலி என்ன செய்யும்? அவனுடைய பெரிய பச்சைக் கோலி இரண்டாகப் பிளந்தது. "பெசி தா போலே," என்று மலாயில் கத்தினான், இரும்பு கூடாதாம். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். என்னுடைய கோலி எல்லாம் திரும்பி வந்தன, கூடவே அவனுடையதும் ஒன்பது.

திரும்பி வந்தபோது மாமா கோணியின் மேல் மண்டியிட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். வானம் கறுத்திருந்தது. மிஸ்ஸி பையோடு தயாராக நின்றார்.

"பாப்பா, இங்க குண்டு ஏதும் உருண்டுச்சா?"

"இல்ல மாமா."

என் பாவாடையில் மண்ணெண்ணெய் வாடை எனக்கே அடித்தது. மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மிச்சமிருந்த எட்டையும் சமமாகப் பிரித்து வைத்து மூடினார். "ரோட்டுல ஓட்டம் குறையும். பாத்துப் போங்க. அடுத்த வாரம் புதுசு வாங்கிப் போட்டுடறேன்," என்று மிஸ்ஸியிடம் சொன்னார். மிஸ்ஸி போனார். வண்டி எப்போதையும்விடப் பெரிதாக அலறிக்கொண்டு போயிற்று.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் மழை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஏதோ எழுதிப்போட, நான் கங்காணியின் மருமகளை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் எனக்குத் தெரியாது. ஆனாலும் அவள் செத்துப்போனால் நான்தான் கொன்றேன் என்பது தெரியும். நான்கு குண்டையும் ஒரு துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். கோலி விளையாட மனமில்லை. மாமாவிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் பட்டறையிலிருந்து அவர் வருவதற்குக் காத்திருப்பேன். அவர் வந்ததும் பின்சந்துக்கு ஓடிவிடுவேன்.

ஞாயிறு வந்தது. மிஸ்ஸியும் வந்தார், கை நிறைய ரம்புத்தான் கொத்தோடு.

"ஆம்பளப் பிள்ளை. கங்காணி வீட்டுல குடுத்து விட்டாங்க," என்றார் அம்மாவிடம். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார். "கொட்டுற மழைங்க. அந்தச் சேத்துல ஒரு இடத்துலகூட நிக்கல. ஆடு மாதிரி ஏறிடுச்சு. நான் போயிக் கை கழுவி உக்கார்றதுக்கும் வலி முத்துறதுக்கும் சரியா இருந்துச்சு. என்ன பண்ணீங்க?"

மாமா கையைத் துணியில் துடைத்தார். கையில் எண்ணெய் எதுவும் இல்லை.

அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. விருந்தாளிக்கு வைக்கிற கண்ணாடிக் கோப்பையில் காப்பி கொண்டுவந்தார். "நல்லதாப் போச்சும்மா. வண்டி சரியாயிடுச்சு. இனிமே இந்த வெயில்ல நீங்க இவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்ல."

மிஸ்ஸி காப்பியைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க, அலைய வேண்டியதில்ல," என்றார்.

இவ்வளவு பெரிய நல்ல செய்தி வந்திருக்கிறது, ஒருவரும் பேசக் காணோம். எனக்குத் தாங்கவில்லை. உள்ளே ஓடித் துணி முடிச்சைக் கொண்டுவந்து அவிழ்த்தேன். "மாமா ஒண்ணும் பண்ணல. நான்தான் சரி பண்ணேன்."

அம்மா தலையில் ஒரு குட்டு வைத்தார். மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. நான்கு குண்டையும் உள்ளங்கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. குண்டு போன வருத்தம்போல.

"வேணும்னா திரும்பப் போட்டுக்கலாம் மாமா," என்றேன்.

மிஸ்ஸி சிரிப்பை நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். மாமா உள்ளங்கையை மூடினார்.

"வேணாம். அந்த மேட்டுல இன்னும் எத்தனை வீட்டுல பிள்ளை பொறக்க வேண்டியிருக்கு. வண்டி இப்படியே இருக்கட்டும்." குண்டுகளை என் கையிலேயே திரும்பப் போட்டார். "நீ வச்சு விளையாடு."

அடுத்த ஞாயிறு மிஸ்ஸி வரவில்லை. மாமா வழக்கம்போலக் கோணியை விரித்து ஸ்பானர்களை வரிசையாக அடுக்கினார். பிரிப்பதற்கு எதுவும் இல்லை. அம்மாவின் தையல் மெஷினைத் தூக்கி வந்து பிரித்தார். நல்லாத்தானே ஓடுது என்றார் அம்மா. மாமா அதைத் திரும்பப் பூட்டினார். பிறகு தேங்காய்த் துருவியைப் பிரித்தார். பிறகு வாசல் கதவின் கீலைக் கழற்றி எண்ணெய் போட்டார். மிஸ்ஸி உட்காருகிற ஸ்டூல் சுவரோரம் காலியாக இருந்தது. அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து இதையெல்லாம் ரொம்ப நேரம் பார்த்தார். அன்று அஞ்சடியில் சொட்டிய எண்ணெயைக் கழுவவும் இல்லை.

அதற்கடுத்த ஞாயிறு, பூசை முடிகிற நேரம். எனக்குச் சாலை முனையிலேயே கேட்டுவிட்டது. எட்டுக் குண்டுக் கிளட்சின் ஓசை, இஞ்சின் நன்றாக முறுக்கி, பெல்ட் அளவாக ஏறி, தடங்கல் இல்லாமல் வருகிறது. என் வேலை அது, எனக்குத் தெரியாதா? வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. மிஸ்ஸி இறங்கினார். மாமாவைப் பார்க்காமல் நேராக அம்மாவைப் பார்த்தார்.

"அக்கா, வண்டியில ஏதோ சத்தம் வருது."

மாமா எழுந்து வந்தார். இஞ்சினை ஓடவிட்டு, குனிந்து காதை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"ஆமா. வருது," என்றார்.

நான் அந்தப் பக்கத்திலிருந்து காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. கடிகாரம் மாதிரி ஓடுகிறது. "ஒரு சத்தமும் இல்லம்மா," என்று கத்தினேன். "ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க. நான் சரி பண்ண வண்டி இது."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மிஸ்ஸியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், தெருவையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து, அந்த நல்ல இஞ்சினைக் கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டார்.

"எனக்கும் கேக்குது," என்றார். "பிரிச்சுப் பாரு தம்பி. அவசரம் ஒண்ணும் இல்ல. மிஸ்ஸி சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் மறுபடி குனிந்து காதை இஞ்சினோடு ஒட்டிவைத்தேன். சூடு பட்டுக் காது சிவந்துபோனது. பெரியவர்கள் மூன்று பேருக்கும் கேட்ட அந்தச் சத்தம், கெர்பாவ் ரோட்டிலேயே நல்ல காது உள்ள எனக்கு மட்டும் கேட்கவே இல்லை.