இருபது அங்குல வாசல்

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சு படபடக்கக் கதை கேட்பது எனக்கே பிடிக்காது. அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு போதும்.

என் அக்கா ஒரு மருத்துவமனையில் துணி அறைத் தையல்காரி. கிழிந்த படுக்கை விரிப்புக்கு ஒட்டுப்போடுவது, அறுவைச் சிகிச்சை அங்கிக்கு நாடா வைப்பது, தலையணை உறைக்கு ஓரம் அடிப்பது, இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டே இருக்கும். அதோடுதான் சாப்பிடுவாள், அதோடுதான் பேருந்து ஏறுவாள். யார் வீட்டுக்குப் போனாலும் ஜன்னல் திரை கோணலாக இருந்தால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. "ஒரு பக்கம் ரெண்டு அங்குலம் இறங்கியிருக்கு பாருங்க" என்று வீட்டுக்காரர்களிடமே சொல்லிவிடுவாள். பக்கத்தில் நிற்கும் எனக்கு எங்கேயாவது ஓடிப்போகலாம் போலிருக்கும்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பேருந்து ஓட்டுநர். வாய் ஓயாத மனிதர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் தளர்ந்துவிட்டன. நாக்கு குழறுவதை யாரும் கேட்டுவிடக் கூடாதென்று அவர் வாயையே மூடிக்கொண்டார். கூட வேலை பார்த்தவர்கள் பார்க்க வந்தால் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொள்வார். அக்கா விடியற்காலை வேலைக்குப் போய் மதியம் திரும்பும்வரை, விட்டுப்போன நாற்காலியிலேயே அசையாமல் இருப்பார். எனக்கு அழுகையும் வரும், கோபமும் வரும்.

அவரை மீட்டது எங்கள் தெருமுனைப் பூங்கா. அங்கே உள்ள சின்னக் கூடத்தில் நகராட்சி வாரம் மூன்று பிற்பகல் நாற்காலிப் பயிற்சி நடத்துகிறது. கை கால் தளர்ந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து கையைத் தூக்குவார்கள், பந்தை வீசிப் பிடிப்பார்கள். முதல் நாள் அக்கா அவரை இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். மாமா வீசிய பந்து எதிரே இருந்த ஓய்வுபெற்ற தபால்காரரின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. கூடமே சிரித்தது. மாமாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து அந்தத் தபால்காரரைப் பற்றிக் குழறிக் குழறி அரை மணி நேரம் பேசினார். அக்கா சமையலறையில் நின்று எல்லாவற்றையும் கேட்டாளாம், பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லையாம்.

ஆறு மாதம் இப்படிப் போனது. அப்புறம்தான் பூங்கா வாசலில் அந்த அறிவிப்பு ஒட்டினார்கள். பிற்பகலில் பயன்படுத்துவோர் இல்லாததால் அடுத்த மாதம் முதல் பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை பூங்கா மூடப்படும். கூடத்துப் பயிற்சியும் நிறுத்தப்படும். கருத்துச் சொல்ல விரும்புவோர் வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கூடத்துக்கு வரலாம்.

அக்கா நேராக என் கடைக்கு வந்தாள். எனக்குத் தட்டச்சும் நகலெடுப்பும்தான் பிழைப்பு. "டைப் அடி" என்று ஒரு காகிதத்தை மேசையில் வைத்தாள். பார்த்தால், பூங்காவையே அளந்து எடுத்து வந்திருக்கிறாள்! பெஞ்சின் உயரம் பதினான்கு அங்குலம், மூட்டு வலிக்காரர் எழுந்திருக்க முடியாது, பதினெட்டு வேண்டும். பெஞ்சுக்குக் கைப்பிடி வேண்டும். கழிப்பறைப் படியில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். பயிற்சி வாரம் ஐந்து நாள் வேண்டும். நோயாளியைக் கூட்டிவரும் வீட்டுக்காரர்களுக்கும் தனியாக ஒரு வகுப்பு வேண்டும். மொத்தம் பதினொன்று.

"உனக்கு என்ன பைத்தியமா?" என்றேன். "மூடப்போறேன்னு சொல்றாங்க. நீ பெஞ்சுக்குக் கைப்பிடி கேக்குற!"

"மூடாதீங்கன்னு மட்டும் கேட்டா, பாக்கலாம்னு சொல்லி அனுப்பிடுவாங்க. எடம் எப்படி இருக்கணும்னு சொன்னாத்தான் இங்க ஆள் இருக்குன்னு அவங்களுக்கு உறைக்கும்."

"அவங்கதான் ஆளே இல்லைன்னு எழுதியிருக்காங்களே!"

அக்காவின் கை நாடாவைப் பிடித்தபடி அப்படியே நின்றது. "ஆமால்ல? பதினாலு பேர் பயிற்சிக்குப் போறாங்க. எப்படி இல்லைன்னு எழுதுனாங்க?"

இரண்டு பேருமாகப் பூங்கா வாட்ச்மேனிடம் போனோம். நல்ல மனிதர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். பெருமையாகப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். பூங்கா வாசலில் தள்ளினால் சுற்றுகிற ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது. ஒருவர் நுழைந்தால் டக்கென்று ஓர் எண் கூடும். அந்த எண்ணை மணிக்கு ஒருமுறை ஒரு எழுத்துப் பிசகாமல் பதிவேட்டில் எழுதுகிறார். பயிற்சி நாள் பிற்பகல்களில் எல்லாம் இரண்டு, ஒன்று, பூஜ்யம்.

"நாங்க வந்தோமேண்ணே?" என்றாள் அக்கா.

"வந்தீங்க. ஆனா நீங்க சைடு கேட்டுல வந்தீங்க."

அக்கா அந்தக் கம்பியின் இடைவெளியை அளந்தாள். இருபது அங்குலம். மாமா பிடித்து நடக்கும் வாக்கர் இருபத்துநாலு. வாக்கரும் சக்கர நாற்காலியும் அதில் நுழையாது என்பதால், இந்த மனிதரே இரக்கப்பட்டுக் குப்பை வண்டிக்கான பக்கவாட்டுக் கேட்டை ஒவ்வொரு முறையும் ஓடிவந்து திறந்துவிட்டிருக்கிறார். திறந்துவிட்டுப் போய் உட்கார்ந்து, பூஜ்யம் என்று எழுதியிருக்கிறார்! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவருக்கும் அப்போதுதான் விஷயம் புரிந்தது. "அக்கா, என் பேரை மட்டும் இழுத்துடாதீங்க. அந்தக் கேட்டை ஆளுங்களுக்குத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. தெரிஞ்சா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க."

"சொல்ல மாட்டேன்" என்றாள் அக்கா.

வழியெல்லாம் நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். "இதைச் சொல்லாம வேற எதைச் சொல்லுவே? ஊருக்கு நல்லவளா இருந்துக்கிட்டு மாமாவைத் திரும்ப நாற்காலில உக்கார வைக்கப் போறியா?"

"அவர் திறந்துவிடலைன்னா உங்க மாமா இந்த ஆறு மாசம் எங்க போயிருப்பார், சொல்லு" என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் தைத்த தலையணை உறைகளை இரண்டு முறை பிரித்துத் தைத்தாளாம். அவளுக்குத் தையல் தப்பியதை நான் கேள்விப்பட்டதே அப்போதுதான்.

வியாழக்கிழமை மூன்று மணி. கூடத்தில் பூங்கா அதிகாரி ஒரு தடித்த கோப்போடு உட்கார்ந்திருந்தார். கண்டிப்பான அம்மா. எங்களைச் சேர்த்து ஏழெட்டுப் பேர் இருந்தோம். பயிற்சிக்கு வருகிறவர்கள் ஒருவரையும் காணோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், எல்லோரும் பக்கவாட்டுக் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிறார்கள், மாமா முன்னால். அதிகாரியின் வண்டி பக்கத்திலேயே நின்றதால் வாட்ச்மேன் சாவியைத் தொடக்கூடப் பயந்து நின்றார்.

"ஆறு மாசத்துக்கும் கணக்கு இருக்கு" என்றார் அதிகாரி. "ஆள் வராத நேரத்துக்கு எதுக்குப் பயிற்சி, எதுக்குக் கூடம்?"

அக்கா எழுந்தாள். வாயைத் திறந்தாள். வாட்ச்மேன் நிற்கும் பக்கம் பார்த்தாள். மூடிக்கொண்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. நானே எழுந்து போட்டு உடைத்திருப்பேன், அக்கா என் காலை மிதித்துவிட்டாள்.

"ஆள் வந்திருக்காங்கம்மா" என்றாள் மெதுவாக. "வெளிய நிக்கிறாங்க."

"வாசல் திறந்துதானே இருக்கு? வரச் சொல்லுங்க."

"நீங்களே வந்து கூப்பிடுங்கம்மா."

அதிகாரி சலித்துக்கொண்டே எழுந்து வந்தார். அக்கா கையைக் காட்டி மாமாவை முன்வாசலுக்கு வரச் சொன்னாள். மாமா வாக்கரைத் தள்ளித் தள்ளி வந்தார். கம்பிக்குள் விட்டார். இடித்தது. பின்னால் இழுத்து மறுபடி விட்டார். இடித்தது. வியர்த்துக் கொட்டியது அவருக்கு. மூன்றாவது முறையும் முட்டினார். அவர் பின்னால் தபால்காரர், சக்கர நாற்காலியில் ஒரு டீச்சர், கைத்தடியோடு மற்றவர்கள். எனக்குப் பார்க்கவே முடியவில்லை.

அதிகாரி கொஞ்ச நேரம் அந்தக் கம்பியைப் பார்த்தார். பிறகு, நாங்கள் எதற்குப் பயந்தோமோ அந்தக் கேள்வியையே கேட்டார். "அப்போ இத்தனை நாள் இவங்க எப்படி உள்ள வந்தாங்க?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது.

"நான்தான் மேடம்" என்றார் வாட்ச்மேன். "குப்பை வண்டிக் கேட்டைத் திறந்துவிட்டேன். ஆறு மாசமா. பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியலை."

"பிறகு ஏன் பதிவேட்டுல எழுதலை?"

"மெஷின்ல விழலியே மேடம்! விழாததை எழுதினா பொய்க் கணக்கு ஆயிடாதா?"

அதிகாரி அவரையே பார்த்தார். உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார்.

"போய்த் திறங்க" என்றார். எல்லோரும் உள்ளே வரும்போது பக்கத்தில் நின்று அவரே விரல்விட்டு எண்ணினார். பதினாலு. வாட்ச்மேனைப் பார்த்து, "இனிமே கண்ணால பார்த்ததையும் எழுதுங்க" என்றார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த தண்டனை. அப்பாடா!

அக்காவின் இரண்டு பக்க மனுவைக் கடைசிவரை படித்தார். பூங்காவை மூடுவதில்லை, பயிற்சி தொடரும், பக்கவாட்டுக் கேட் இனி எல்லோருக்கும் பொது வாசல், பெஞ்சுக்குக் கைப்பிடி உடனே. அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்றவை பரிசீலனையில் என்றார். பரிசீலனை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா! ஆனாலும் அன்றைக்கு நான் சண்டை போடவில்லை.

பயிற்சி முடிந்து நாங்கள் மூன்று பேரும் அந்தப் பதினான்கு அங்குல பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா மாமாவின் கழுத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"ரொம்பப் பயந்துட்டீங்களா?" என்றாள்.

மாமா தலையாட்டினார். அவர் பேச நேரமாகும், நாங்கள் காத்திருந்தோம்.

"எனக்காக... இல்ல" என்றார். "வாரத்துல இந்த மூணு நாள்தான்... நீ வெளிய உக்காந்து... நாலு பேரோட சிரிக்கிற. அதுவும்... போயிடுமோன்னு."

பயிற்சி நடக்கும்போது வெளியே காத்திருக்கும் வீட்டுக்காரர்களோடு அக்கா என்ன பேசுகிறாள், எப்போது சிரிக்கிறாள் என்று கூடத்துக்குள்ளிருந்து அவர் கவனித்திருக்கிறார். எனக்கே தெரியாத விஷயம் அது.

அக்கா, மாமாவுக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து மருத்துவமனையிலும் அழாதவள், வீட்டிலும் அழாதவள், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மாமா இடது கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நான்தான் கோபக்காரி என்று பெயரெடுத்தவள் ஆயிற்றே, வேறு பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.