உயிருடன் வீடு திரும்பியவர்கள்

எங்கள் அண்ணிக்கு வாய் நீளம். பிடிவாதம் அதைவிட நீளம். நான் எக்ஸ்ரே எடுக்கும் அதே ஆஸ்பத்திரியில், விபத்துப் பிரிவில் குறிப்பெடுப்பவர். அடிபட்டு வருகிறவரை முதல் நிமிடங்களில் எப்படிக் காப்பாற்றுவது என்று டாக்டர்களுக்கு ஒரு பயிற்சி வந்தது. இருந்த இரண்டு யூனிட்டில் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒன்றுக்கு மட்டும் கொடுத்தார்கள். எந்த யூனிட்டில் அதிகம் பேர் பிழைக்கிறார்கள் என்று ஆறு மாதம் பதிவது அண்ணியின் வேலை.

முடிவு தலைகீழாக வந்தது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நோயாளிகள். பயிற்சி பெற்ற யூனிட்டில் இருபத்தொரு சாவு, பெறாததில் பதினாறு. பயிற்சிக்கு மூடுவிழா என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் கையெழுத்துதான் பாக்கி.

அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. பயிற்சி பெற்ற டாக்டர்களின் கைவேகத்தை நேரில் பார்த்தவர். சனிக்கிழமை காலை படிவங்களைப் புரட்டியபோதுதான் உறைத்தது. இனித் தேறாது என்று டாக்டர் கையை விரித்தால், உயிர் வீட்டிலேயே போகட்டும் என்று சொந்தக்காரர்கள் தூக்கிப் போய்விடுவார்கள். அவர்களையெல்லாம் ‘உயிருடன் வீடு திரும்பினார்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தது சாட்சாத் அண்ணியேதான். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் பயிற்சி போகும்.

“எந்த யூனிட்னு எனக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும்” என்று யூனிட் எண்ணின் மேல் என்னைத் தாள் ஒட்டச் சொன்னார். சனி, ஞாயிறு இரண்டு நாளும், அப்படிக் கைவிடப்பட்டுப் போனவர்களின் வீடு வீடாகப் போன் போட்டார். ஒரு நோயாளி தானே போனை எடுத்து, வேளைக்கு நன்றாகச் சாப்பிடுவதாகச் சொன்னபோது அண்ணி சிரித்துவிட்டார். மற்ற வீடுகளில் பெரும்பாலும் அழுகைதான்.

தாளைப் பிரித்து எண்ணினோம். வீட்டுக்குப் போய் இறந்தவர்கள், பயிற்சி பெற்ற யூனிட்டில் இரண்டு பேர். பெறாததில் பதினொரு பேர். மொத்தச் சாவு இப்போது இருபத்துமூன்றுக்கு இருபத்தேழு.

கூட்டத்துக்கு என்னையும் சாட்சிக்கு அழைத்துப் போய், அண்ணி புதுக் கணக்கை நீட்டினார். இது யாருடைய தப்பு என்று பெரிய டாக்டர் கேட்டார்.

“என்னோடதுதான் சார். என்னை அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா அந்தப் பதிமூணு பேரையும் மறுபடி உயிரோட இருக்காங்கன்னு எழுதாதீங்க.”

அப்படியென்றால் பயிற்சியால் பலன் உண்டா என்றார் அவர். இருபத்துமூன்றையும் இருபத்தேழையும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது, இன்னும் ஒரு வருடம் பார்க்க வேண்டும் என்றார் அண்ணி. நான் அண்ணியை முழங்கையால் இடித்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன?

பெரிய டாக்டர் மூடுவிழாக் காகிதத்தை ஓரமாகத் தள்ளினார். இன்னும் ஒரு வருடம், அடிபட்டு வந்த முப்பதாம் நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் என்று எழுதினார். யார் பேசுவது என்ற இடத்தில், யாரையும் கேட்காமல், அண்ணியின் பெயரை எழுதினார்.