பிராக்டிகலில் பதினொன்று

1. காலி சீட்டும் கடைசி நாளும்

அட்மிஷன் கலந்தாய்வின் கடைசி நாளில்தான் எங்கள் இயற்பியல் துறைக்கு ஆள் வரும். பி.காம். முதல் நாளே தீர்ந்துவிடும், கம்ப்யூட்டர் சயின்ஸும் அப்படித்தான். எங்கள் மேசைக்கு வருகிறவர்கள் வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்கள். அப்போதும் பாதி சீட் காலியாகத்தான் கிடக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மார்க் குறைந்த பிள்ளை வந்து நின்றால் எங்கள் ஆட்களே நயமாகப் பேசி வேறு துறைக்குத் தள்ளிவிடுவார்கள். "பிசிக்ஸ் ரொம்பக் கஷ்டம்மா, கணக்கா வரும், ஹிஸ்டரி எடுத்துக்கோ." வரிசைப்படி வந்தவரை மறுக்க முடியாது, அதனால் பயமுறுத்துவது. சேர்த்துக்கொண்டால் ரிசல்ட் விழும், ரிசல்ட் விழுந்தால் கல்லூரி முதல்வர் கூப்பிடுவார். எங்கள் துறைத்தலைவர் என்னைவிட வயதில் இளையவர், நல்ல மனிதர். ஆனால் முதல்வர் அறை என்றாலே அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

சேலத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அந்த மேசையில் எத்தனையோ ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அதில் கௌசல்யா வந்த நாளை மட்டும் மறக்க முடியவில்லை.

மோகனூர்ப் பக்கத்துப் பெண். அப்பா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர், அவருக்கு லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் கூட்டி வந்திருந்தார். முட்டை வியாபாரம், வெள்ளை வேட்டி, கணீர்க் குரல்.

"ஏனுங்க மேடம், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒண்ணு போட்டுக் குடுங்க."

"தீர்ந்துபோச்சுங்க."

"பி.காமு?"

"அதுவும்தான்."

"அப்புறம் என்னதானுங்க வெச்சிருக்கீங்க?" பழக்கடையில் கேட்பதுபோல் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"பிசிக்ஸ் இருக்கு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "பிசிக்ஸ்ல நாப்பத்தொண்ணுங்க புள்ள. பாசானதே பெருசு. வா சாமி, ஊட்டுக்குப் போலாம். நம்ம குடோன்ல பில்லுப் போட ஆள் வேணும், நாளையிலிருந்து வந்துரு."

பெண் நகரவில்லை. "எனக்குப் பிசிக்ஸ்தான் வேணுங்க மாமா."

துறைத்தலைவர் தன் வழக்கமான பாட்டை ஆரம்பித்தார். "இந்த மார்க்குக்கு இங்க வந்தா மூணு வருஷமும் அரியர்தாம்மா." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மேசையின் விளிம்பைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

2. முள் நிற்காத இடம்

மார்க் பட்டியலை நான் வாங்கிப் பார்த்தேன். தியரி மோசம், அதில் வியப்பில்லை. பிராக்டிகலில் இருபதுக்குப் பதினொன்று. நம் பக்கத்தில் பிராக்டிகலுக்கு இருபதுக்கு இருபது என்பது கல்யாணப் பந்தியில் இலை போடுவது மாதிரி, வந்தவர்கள் எல்லோருக்கும் உண்டு. பல பள்ளிகளில் ரீடிங்கையே மனப்பாடம் செய்ய வைத்துவிடுவார்கள். கருவி எதைக் காட்டினாலும் கை அந்த எண்ணைத்தான் எழுதும். அப்படியிருக்க, பதினொன்று வாங்க ஒருவர் மெனக்கெட வேண்டும்.

"பிராக்டிகல்ல என்னம்மா ஆச்சு?"

"மீட்டர் பிரிட்ஜ் வந்துச்சுங்க மேடம். ஒயரோட ரெசிஸ்டன்ஸ் கண்டுபிடிக்கணும். எனக்கு விடை தப்பா வந்துச்சு."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் கரெக்டா வந்துச்சுங்க. ரீடிங் முன்னாடியே குடுத்திருந்தாங்க. எனக்கும் மனப்பாடமுங்க."

"தெரிஞ்சும் ஏன் எழுதல?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அவங்க குடுத்த எடத்துல மீட்டர் முள்ளு சைபருக்கு வரலீங்களே மேடம். ஒரு கனெக்சன் லூசா இருந்துச்சு. டீச்சர்ட்ட சொன்னேன், சும்மா எழுதுன்னாங்க. வராத எடத்த எப்படிங்க எழுதறது?"

எனக்கு அடக்க முடியாத சந்தோஷம். துறைத்தலைவர் பக்கம் திரும்பினேன். "சார், ஒழுங்கா ரீடிங் எடுக்கற ஒரு பிள்ளைக்காக நான் எத்தனை வருஷமாக் காத்திருக்கேன் தெரியுமா? இவளுக்கு அரியர் விழுந்தா முதல்வர் ரூமுக்கு நான் போறேன், நீங்க கையெழுத்துப் போடுங்க" என்றேன். முதல்வர் அறைக்கு வேறொருவர் போவதாகச் சொன்னதும் அவர் உடனே போட்டுவிட்டார்.

மாமாவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. "என்னங்க மேடம், மார்க்க விட்டதுக்கு சீட்டுங்களா?"

"ஆமாங்க."

3. மாமா டி.சி. கேட்டது

படம் என்றால் அடுத்த காட்சியில் அவள் தங்கப் பதக்கம் வாங்கியிருப்பாள். இவள் முதல் செமஸ்டரிலேயே கணக்கிலும் மெக்கானிக்ஸிலும் கோட்டைவிட்டாள். சொன்னபடி நான்தான் போய் முதல்வர் முன் நின்றேன். மாமா டி.சி. கேட்டு வந்துவிட்டார்.

"நான்தான் அன்னைக்கே சொன்னனுங்களே மேடம்."

எனக்கு முன்னால் கௌசல்யாவே சொன்னாள்: "லேப் மார்க்கப் பாருங்க மாமா. கிளாஸ்லயே நாந்தான் பர்ஸ்ட்டு."

"அதுக்கு என்ன சம்பளமா குடுக்கறாங்க?"

"பிளஸ் ஒன் கணக்கு எனக்கு யாருமே நடத்தலீங்க மாமா. நேரா பிளஸ் டூவுக்குத் தாவிட்டாங்க. அத மொதல்ல இருந்து படிச்சுட்டு இருக்கேன். இன்னும் ஒரே ஒரு பரிச்சைங்க."

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார், மறுபடி இறக்கிவிட்டார். "சரி சாமி, ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த செமஸ்டரில் கணக்கு தேறியது. மெக்கானிக்ஸ் இன்னும் கொஞ்ச நாள் இழுத்தது. கடைசியில் எல்லாம் முடித்து, சாதாரண மார்க்கில் டிகிரி வாங்கிக்கொண்டு போனாள்.

4. சிவப்பு ஸ்டிக்கர்

என் பணியின் கடைசி ஆண்டில், கல்லூரியின் தரத்தைப் பார்க்க ஒரு குழு வருவதாக இருந்தது. அதற்குள் ஆய்வகத் தராசுகளைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். அஸ்தம்பட்டியில் ஒரு காலிபிரேஷன் கம்பெனிக்குச் சொல்லியிருந்தோம். ஸ்கூட்டரில் எடைக்கற்கள் பெட்டியோடு வந்து இறங்கியவள் கௌசல்யா. எனக்குத் தலைகால் புரியவில்லை. லேபில் இருந்த முதலாண்டுப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். மாமா கேட்ட சம்பளம் இப்போது இதற்குத்தான் வருகிறது.

அவள் ஒவ்வொரு தராசிலும் எடைக்கல்லை வைத்துப் பார்த்து, சரியாக இருந்ததற்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினாள். ஒன்றில் மட்டும் சிவப்பு. துறைத்தலைவர் அலைந்து திரிந்து வாங்கிய டிஜிட்டல் தராசு அது.

"ஏம்மா, நம்ம காலேஜ்தானே? நாளைக்குக் குழு வருது. இதுக்கும் பச்சையே ஒட்டிட்டுப் போயேன்" என்றார் அவர். ஒட்டினால்தான் என்ன என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது.

"அப்படி வரலீங்களே சார்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"தூக்கியெல்லாம் போட்டராதீங்க சார்" என்றாள் அவள், பெட்டியை மூடிக்கொண்டே. "ரிப்பேர் பண்ணி வையுங்க. மறுபடியும் வந்து பாத்துத் தாரேன்."

சிவப்பு ஸ்டிக்கர் விஷயத்தைச் சொல்ல அன்று துறைத்தலைவரே முதல்வர் அறைக்குப் போனார். காய்ச்சல் எதுவும் வரவில்லை.

அட்மிஷன் மேசையில் உட்காரப்போகும் இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். மார்க்கைப் பார்த்ததும் வேறு துறையைக் கை காட்டாதீர்கள். என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் காய்ச்சல் என்பார்கள், வீட்டில் சண்டை என்பார்கள், படிக்கவில்லை என்றுகூடச் சொல்வார்கள். அவர்களுக்கும் சீட் கொடுங்கள். காலியாகத்தானே கிடக்கிறது.